இல்லத்தில் மலர்ந்த தவம்: அன்னை சாரதாதேவியார்

திருவிழா நாட்களில் ஆலயத்திற்கு வரும் மெய்யன்பர்களின் கண்ணும் கருத்தும் அம்பாளின் அலங்காரத்திலும் தீபாராதனையிலும் இரத ஊர்வலத்திலும் நிலைத்து நிற்பது இயல்பு. அதே வேளையில் ஆலயத்தின் பின்புறத்து மடைப்பள்ளியில் விடியற்காலை தொட்டே காய்கறி அரிந்தும் அரிசி களைந்தும் அண்டாக்களைத் துலக்கியும் நிற்போர் சிலர் உண்டு. அபிஷேகம் நிறைவுற்றுத் திரை விலகும் நேரத்தில் அவர்களால் அடுப்பை விட்டு அகல இயலாது. தரிசனம் கிட்டவில்லையே என்னும் ஏக்கம் அவர்தம் உள்ளத்தின் ஒரு மூலையில் இருக்கவே செய்யும். இல்லங்களிலும் இதே நிலைதான். முதியோருக்கு மருந்து கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் சென்று திரும்பும் தாய்மார், வழிபாட்டுக்கு நேரமே வாய்க்கவில்லையே என்று வருந்துவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். கடமை ஒரு பக்கம், கடவுள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டு இரண்டுக்கும் இடையே அல்லலுறுவதே நம்மில் பலரின் வாழ்க்கையாக இருக்கிறது.

அவ்வாறு பிரிக்காமலே வாழ்ந்தவர் அன்னை சாரதாதேவியார். பகவான் ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரின் துணைவியாராகிய இவரது திருவுருவப் படத்தை நம் இல்லங்கள் பலவற்றின் பூசையறையில் காணலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் 1904ஆம் ஆண்டு விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. சிங்கப்பூரில் 1928ஆம் ஆண்டு இராமகிருஷ்ண மிஷன் தன் பணியைத் தொடங்கியது. ஆகவே பரமஹம்சரும் சுவாமி விவேகானந்தரும் இவ்விரு நாடுகளிலும் வாழும் தமிழ் மக்களுக்குப் புதியவர் அல்லர். ஆயினும் அவ்விருவரின் வரலாற்றை அறிந்த அளவுக்கு அன்னையாரின் வரலாற்றை நாம் அறியவில்லை என்றே சொல்ல வேண்டும். அவர் மேடை ஏறிப் பேசியவர் அல்லர். நூல் எழுதியவரும் அல்லர். சமைத்தார், பரிமாறினார், நோயாளிகளைப் பேணினார், சண்டையிட்ட உறவினரைச் சமாதானம் செய்தார். அவருடைய வரலாற்றின் பெரும்பகுதி இதுவே.

வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் ஜெயராம்பாடி என்னும் சிற்றூரில் 1853ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இராமச்சந்திர முகோபாத்தியாயருக்கும் சியாமசுந்தரி தேவியாருக்கும் மூத்த மகளாக அன்னையார் அவதரித்தார். அந்தணக் குடும்பம், ஆனால் வறிய குடும்பம். சிறிது நிலமும், புரோகிதமும், பூணூல் திரித்து விற்பதும் அவர்களுக்குச் சோறு அளித்தன. தம்பிமாரைத் தூக்கி வளர்ப்பதும், கழுத்தளவு நீரில் இறங்கி மாடுகளுக்குப் புல் அறுப்பதும், வயலில் உழைப்போருக்கு உணவு கொண்டுசெல்வதும், பருத்தி பறிப்பதும் அச்சிறுமியின் அன்றாட வேலைகள். சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும் வலிமை கைகளுக்கு வராத வயதிலேயே சமைக்கத் தொடங்கிவிட்டார். பானையை இறக்கத் தந்தையார் வந்து உதவுவாராம்.

1864ஆம் ஆண்டு அப்பகுதியைக் கொடிய பஞ்சம் வாட்டியது. முந்தைய ஆண்டு விளைச்சலில் சேமித்து வைத்திருந்த நெல்லைத் தந்தையார் தம் குடும்பத்திற்கென்று பூட்டி வைக்கவில்லை. அரிசியும் பருப்பும் கலந்து பானை பானையாகச் சமைத்துப் பசித்து வந்தோர்க்கெல்லாம் அளித்தார். பசியின் கொடுமையால் மக்கள் ஆவி பறக்கும் சோற்றிலேயே கைவைத்தனர். 10 வயது நிரம்பிய சாரதை இரு கைகளாலும் விசிறி பிடித்து அச்சோற்றை ஆற்றிக்கொண்டிருந்தார். சோறு போட்டது தந்தை. அது சுடுகிறதே என்று உணர்ந்தது மகள். அன்னையாரின் பிற்கால வாழ்வு முழுவதற்கும் இந்நிகழ்ச்சியே முன்னுரை என்பது எம் கருத்து.

அக்கால வழக்கப்படி 1859ஆம் ஆண்டில், 5 வயதிலேயே, அவருக்கும் 23 வயதினரான இராமகிருஷ்ணருக்கும் திருமணம் நிகழ்ந்திருந்தது. மணமகனோ கல்கத்தாவை அடுத்த தட்சிணேசுவரத்தில் காளி ஆலயத்து அர்ச்சகராக இருந்து, அன்னை பராசக்தியைக் காண வேண்டுமென்று உண்ணாமலும் உறங்காமலும் கடுந்தவம் இயற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்ற பேச்சு ஜெயராம்பாடி வரை பரவியது. ஊர்ப் பெண்கள் சாரதையைப் பித்தனின் மனைவி என்று இரக்கத்தோடும் ஏளனத்தோடும் நோக்கினர். சாரதையின் சிந்தனை வேறாக இருந்தது. ஊரார் சொல்வது பொய்யானால் அதை நேரில் அறிய வேண்டும். மெய்யானால் அருகிருந்து பணிவிடை செய்வதே தம் கடன். எப்படியாயினும் தாம் இருக்க வேண்டிய இடம் தட்சிணேசுவரமே என்று முடிவு செய்தார். 1872ஆம் ஆண்டு, 18ஆம் வயதில், தந்தையாருடன் கால்நடையாகவே புறப்பட்டார். வழியில் கடும் காய்ச்சல் கண்டு படுத்தார். பின் எழுந்து நடந்தார். சென்று சேர்ந்தபோது பித்தரை அவர் காணவில்லை. தமக்கு மருத்துவம் செய்வித்து, இடம் கொடுத்து, கனிவோடு நலம் விசாரித்த கணவரையே கண்டார்.

தட்சிணேசுவரத்தில் அன்னையார் வாழ்ந்த இடத்தை நாம் சற்று நின்று காண வேண்டும். ஆலய வளாகத்தில் நகபத்து எனப்படும் இன்னிசை மாடம் ஒன்று உண்டு. அதன் கீழ்த்தளத்து எண்கோண அறையே அவருடைய இல்லம். பரப்பு ஏறத்தாழ 50 சதுர அடி. நம் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை கூட இதைவிடப் பெரியதாக இருக்கும். அதற்குள்ளேயே அரிசியும் பருப்பும் காய்கறியும் பாத்திரங்களும். மேலே உறியில் தொங்கும் சட்டிகள். விருந்தினராக வரும் பெண்கள் படுத்துறங்குவதும் அங்கேதான். வாயில் நிலை மிகத் தாழ்வானது. தொடக்கத்தில் பலமுறை தலையை இடித்துக்கொண்டு, பின்னர் தானாகவே தலை குனியும் பழக்கம் வந்துவிட்டதாம். சுற்றித் தாழ்வாரத்திற்குத் தட்டி மறைப்பு. பகலெல்லாம் வெளியே தலை காட்டுவதில்லை. அதிகாலை 3 மணிக்கே எழுந்து இருளில் கங்கையில் நீராடி, ஜபமும் தியானமும் முடித்து, பொழுது புலரும் முன் அறைக்குள் புகுந்துவிடுவார். அப்படி ஒருவர் அங்கே வாழ்வதாகக் கேள்விப்பட்டதுண்டு, கண்டதில்லை என்று ஆலயத்துக் கணக்கரே சொல்லும் அளவுக்கு இருந்தது அவ்வாழ்க்கை.

மறைப்பிற்குள் நடந்த வேலைக்கோ அளவில்லை. இராமகிருஷ்ணருக்கு வயிறு மிக மென்மையானது. ஆலயத்துப் பிரசாதம் ஒத்துக்கொள்ளாது. அவருக்கெனத் தனியே காரமின்றிப் பக்குவமாய்ச் சமைக்க வேண்டும். முதுமையடைந்த மாமியார் சந்திராமணி தேவியாருக்கு வேண்டிய பணிவிடைகளை அவர் 1876ஆம் ஆண்டு மறையும் வரை செய்து வந்தார். நாளடைவில் சீடர்களாகிய இளைஞர்கள் வரத் தொடங்கவே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தராக விளங்கிய நரேந்திரருக்குத் தடித்த ரொட்டியும் கெட்டியான கடலைப் பருப்பும் பிடிக்கும்; அவர் தங்கும் இரவில் அதுவே சமையல். இளைஞர்கள் இரவில் தியானம் பழகுவதற்காக உணவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பரமஹம்சர் கணக்கு வைத்திருந்தார். அன்னையாரோ கூடுதலாக இரண்டு ரொட்டி வைத்துவிடுவார். இதைக் கேள்வியுற்று இராமகிருஷ்ணர் வந்து வினவியபோது, இரண்டு ரொட்டிக்காகக் கவலைப்பட வேண்டாம், பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தாம் பார்த்துக்கொள்வதாக அமைதியாக விடையளித்தார். குருநாதர் மறுமொழி கூறாமல் திரும்பினார்.

அவருக்கு இராமகிருஷ்ணர் அளித்த பயிற்சியும் குறிப்பிடத்தக்கது. ஜபத்தையும் தியானத்தையும் கற்பித்த அதே வாயால், விளக்குத் திரியை எப்படி அமைப்பது, வெற்றிலை எப்படி மடிப்பது, யாரிடம் எவ்வாறு பழகுவது என்பதையும் கற்பித்தார். படகிலோ வண்டியிலோ பயணம் செல்லும்போது முதலில் ஏற வேண்டும், இறங்கும்போது எல்லோருக்கும் பின்னால் எதுவும் விடுபட்டதா என்று பார்த்துவிட்டு இறங்க வேண்டும் என்று கூடச் சொல்லிக் கொடுத்தார். சமாதி நிலையில் உலகையே மறந்து நின்ற ஒரு ஞானி, மறந்துபோன மூட்டையைப் பற்றி அக்கறை கொண்டார் என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இறைவனை மறவாதவன் கடமையையும் மறவான் என்பதுதான் அவர் கொள்கை.

அன்னையார் வந்து சேர்ந்த தொடக்கக் காலத்தில் பலகாரிணி காளி பூசை எனப்படும் அமாவாசை இரவு வந்தது. அன்றிரவு இராமகிருஷ்ணர் தம் அறையில் தேவிக்குரிய பீடத்தில் சாரதையை அமர்த்தி, திரிபுரசுந்தரியாகிய சோடசி தேவியாகவே பாவித்து முறைப்படி பூசனை புரிந்தார். தாம் பல்லாண்டு இயற்றிய தவத்தின் பயனையும் ஜபமாலையையும் அவர் திருவடியில் சமர்ப்பித்தார். இருவரும் சமாதியில் ஆழ்ந்தனர். இவ்விரவைப் பற்றிப் பெரியோர் விரிவாக எழுதியிருக்கின்றனர். எமக்குப் பெருவியப்பாகத் தோன்றுவது அதன் பின்னர் வந்த நாட்கள். தேவியாகப் பூசிக்கப்பெற்றவர் மறுபடியும் அந்த 50 சதுர அடி அறைக்குள் குனிந்து நுழைந்தார், காய்கறி அரிந்தார், மாமியாருக்குப் பணிவிடை செய்தார். பூசையில் அமர்ந்தது ஓர் இரவு, அடுப்பின் முன் அமர்ந்தது ஆண்டுக்கணக்கில். இரண்டிலும் அவர் மனத்தில் வேற்றுமை இருந்ததாக எங்கும் காணப்படவில்லை.

1885ஆம் ஆண்டில் இராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. சியாம்புகூரிலும் பின்னர் காசிப்பூர்த் தோட்டத்து வீட்டிலும் அன்னையார் இரவு பகலாய்ப் பத்திய உணவு சமைத்துப் பணிவிடை செய்தார். 1886 ஆகஸ்டு 16ஆம் நாள் பரமஹம்சர் மகாசமாதி அடைந்தார். அப்போது அன்னையாருக்கு வயது 32.

தீர்த்த யாத்திரை சென்று திரும்பிய பின்னர், கணவரின் ஊராகிய காமார்புகூரில் அவர் தனியே வாழ்ந்த மாதங்கள் மிகத் துயரமானவை. தட்சிணேசுவர ஆலயத்திலிருந்து மாதந்தோறும் கிடைத்துவந்த 7 ரூபாயும் நின்றுபோயிற்று. மண்வெட்டியைத் தாமே பிடித்து நிலத்தைக் கொத்திக் கீரை விதைத்தார். சோறு வெந்தால் உப்புக்கு வழியில்லாத நாட்களும் உண்டு. கைம்பெண் கைவளை அணிந்திருக்கிறாளே, புடைவையில் சிவப்புக் கரை இருக்கிறதே என்று ஊர் பேசிற்று. எவரிடமும் கை நீட்ட வேண்டாம் என்று கணவர் சொல்லிச் சென்றதை அவர் காத்தார். சீடர்களுக்கு ஒரு சொல் கூடச் சொல்லி அனுப்பவில்லை. செய்தி எப்படியோ கல்கத்தாவுக்கு எட்டியபோது இல்லறச் சீடர்களும் துறவிகளும் பதறி அவரை அழைத்துச் சென்றனர். பின்னர் சுவாமி விவேகானந்தர் அவர் ஆசி பெற்ற பின்னரே 1893ஆம் ஆண்டு மேலைநாடு சென்றதும், 1897ஆம் ஆண்டு இராமகிருஷ்ண மிஷன் அமைந்ததும், சகோதரி நிவேதிதையின் பெண்கள் பள்ளியை 1898ஆம் ஆண்டு நவம்பரில் அன்னையார் தொடங்கி வைத்ததும் பலரும் அறிந்த செய்திகள்.

துறவிகள் திருவடி பணிந்த இத்தாயாரின் குடும்பத்திற்குள் நடந்தவற்றை இனிக் காண்போம். வரலாறு எழுதியோர் சிலர் இப்பகுதியைத் தயக்கத்தோடு தொட்டுச் செல்வர். எம் சிந்தையில் இதுவே அவ்வரலாற்றின் உயிர்நாடி.

மருத்துவம் பயின்ற கடைசித் தம்பி அபயசரண் 1899ஆம் ஆண்டு வாந்திபேதியில் மாண்டார். இறக்கும் தறுவாயில், கருவுற்றிருந்த தம் மனைவி சுரபாலையைத் தமக்கையாரிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு சனவரியில் இராதாராணி என்னும் பெண்குழந்தை பிறந்தது. அடுக்கடுக்காக நேர்ந்த துயரங்களால் சுரபாலைக்குச் சித்தம் கலங்கிவிட்டது. குழந்தையை அன்னையாரே எடுத்து வளர்த்தார். உலகப் பற்றில்லாது அலைந்த தம் மனத்தை இவ்வுலகில் நிறுத்தி வைக்கும் பொருட்டே குருதேவர் இக்குழந்தையைக் காட்டியதாக அன்னையார் பின்னர் கூறியதுண்டு.

நன்றி கிட்டியதா என்றால் அதுதான் இல்லை. தன் குழந்தையைப் பறித்துக்கொண்டதாகச் சுரபாலை ஓயாது ஏசினாள். ஒருநாள் விறகுக் கட்டையை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டாள். மற்றத் தம்பிமார் நிலத்துக்கும் பணத்துக்கும் பூசலிட்டனர். இராதுவோ நோயும் பிடிவாதமுமாக வளர்ந்தாள். சினம் மூண்டு பெரிய கத்தரிக்காய் ஒன்றை எடுத்து அன்னையாரின் முதுகில் எறிந்தாள், முதுகு வீங்கிவிட்டது. அன்னையார் குருதேவரின் படத்தை நோக்கி, இவள் அறியாதவள், இக்குற்றத்தைப் பொறுத்தருள வேண்டும் என்று வேண்டி, தம் காலடித் தூசியை எடுத்து அவள் தலையில் வைத்தார். திருமணமான பின்னரும் இராது அவர் பொறுப்பாகவே இருந்தாள். கருவுற்றிருந்தபோது அவளால் சிறு ஓசையும் தாங்க இயலவில்லை என்பதற்காக, 65 வயதை எட்டிய அன்னையார் கோயால்பாரா என்னும் அமைதியான சிற்றூரில் மாதக்கணக்கில் அவளுடன் தங்கினார்.

தமிழகத்திற்கும் இராதுவை அழைத்தே வந்தார். சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் அழைப்பிற்கிணங்க 1911ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் ஒரு மாதம் போல் தங்கினார். தமிழ்ப் பெண்கள் வங்கமொழி அறியார். அவர் தமிழ் அறியார். ஆயினும் பலர் அவரிடம் உபதேசம் பெற்றனர். மதுரையில் மீனாட்சியம்மையைத் தரிசித்து, ஊர் வழக்கப்படி திருக்குளக்கரையில் விளக்கேற்றினார். இராமேசுவரத்தில் 108 பொன் வில்வ இலைகளால் இராமநாதப் பெருமானைத் தம் கையாலேயே அருச்சித்தார். இராமநாதபுரத்து அரசர் தம் கருவூலத்தைத் திறந்து காட்டி, விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டிருந்தார். தமக்கு எதுவும் தேவையில்லை, இராதுவுக்கு வேண்டுமானால் கேட்கட்டும் என்று அன்னையார் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கலக்கம்; குழந்தை வைரத்தைக் கேட்டுவிட்டால் என் செய்வது? குருதேவரை மனத்துக்குள் வேண்டியபடியே நின்றார். 11 வயது இராது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தன் பென்சில் தொலைந்துவிட்டது, ஒரு பென்சில் வாங்கித் தர வேண்டும் என்றாள். வெளியே வந்து கடையில் ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தனர்.

சிறு வேலைகளில் அவர் காட்டிய கருத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். வீட்டைப் பெருக்கி முடித்த ஒருத்தி துடைப்பத்தை மூலையில் வீசி எறிந்ததைக் கண்டபோது அன்னையார் அவளைத் திருத்தினார். எறிய ஆகும் நேரமே மெல்ல வைக்கவும் ஆகும். நாளையும் அது வேண்டும். வீட்டுப் பணிக்கு உதவும் பொருளுக்கும் உரிய மதிப்பைத் தர வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். பழம் வந்த கூடையை வெளியே எறிந்தால் எடுத்துக் கழுவி வைப்பார். காய்கறித் தோல் பசுவுக்குப் போகும். கல்கத்தா அன்பர்கள் ஜெயராம்பாடிக்கு வந்தால், தேநீர் அருந்திப் பழகியவர்கள் ஆயிற்றே என்று, கால் வாத நோயோடு வீடு வீடாய்ச் சென்று பால் கேட்டு வாங்கி வருவார். உலகெங்கும் அடியார்களைக் கொண்ட ஒரு சங்கத்தின் தாய் பாத்திரத்தைக் கையிலேந்தி ஊர்த் தெருவில் நடந்தார் என்பதை எண்ணிப் பார்க்கத்தக்கது.

அம்ஜத் என்னும் முஸ்லிம் தொழிலாளி அவர் வீட்டுச் சுவர் வேலைக்கு வந்தவர். பட்டுப்புழுத் தொழில் நசிந்து வழிப்பறியில் இறங்கியவர்கள் என்று ஊரார் அஞ்சிய கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருக்கு உணவு பரிமாறிய தம்பி மகள் நளினி எட்ட நின்று எறிந்தாள். அன்னையார் அவளை விலக்கித் தாமே அருகிருந்து பரிமாறினார். உண்ட இடத்தையும் தாமே துப்புரவு செய்தார். சாதி போயிற்று என்று நளினி அலறியபோது, தலைமைச் சீடராகிய சாரதானந்தர் எப்படித் தம் மகனோ அப்படியே அம்ஜத்தும் தம் மகன் என்றார். சாரதானந்தர் யார் எனில், மிஷனின் செயலாளர்; அன்னையார் கல்கத்தாவில் தங்குவதற்காகக் கடன் வாங்கி வீடு கட்டி, 1909ஆம் ஆண்டு அவரை அங்கே குடியேற்றி, அவ்வீட்டு வாயிற்காவலராகவே தம்மைக் கருதிக்கொண்ட துறவி.

இத்துணைக்குப் பின்னரும் ஐயம் எழாமல் இல்லை. அன்னையாருடன் நெருங்கிப் பழகிய யோகின்மா என்னும் அம்மையாரே ஒருமுறை மனம் தடுமாறினார். குருதேவர் பெரும் துறவி. அன்னையாரோ தம்பி, தம்பி மகள் என்று சாதாரணக் குடும்பப் பெண்போல் உழல்கிறாரே என்று எண்ணினார். பின்னர்க் கங்கைக்கரையில் தியானத்தில் இருந்தபோது குருதேவர் தோன்றி, நீரில் மிதந்து செல்லும் பிணம் ஒன்றைக் காட்டி, இதனால் கங்கை மாசுபடுமா என்று வினவியதாகக் கண்டார். அன்னையாரும் அப்படியே என்று உணர்ந்து, ஓடிச் சென்று மன்னிப்பு வேண்டினார்.

1919ஆம் ஆண்டின் இறுதியில் அன்னையாரை விடாத காய்ச்சல் பற்றிக்கொண்டது. காலா அசார் என்னும் கொடுநோய் அது. 1920 பிப்ரவரியில் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தனர். 20 ஆண்டுகள் கண்ணின் மணியாய்க் காத்த இராதுவிடமிருந்து அந்த மாதங்களில் மனத்தை முழுவதுமாக மீட்டுக்கொண்டார். அவளை ஊருக்கு அனுப்பிவிடும்படி சொன்னார். அருகில் வந்தபோதும் முகங்கொடுக்கவில்லை. உடனிருந்தோர் அஞ்சினர், பற்றுக்கோடு அறுந்துவிட்டது, இனி உடல் தங்காது என்பதை அறிந்துகொண்டனர். 1920 சூலை 20ஆம் நாள் நள்ளிரவு கடந்து 1.30 மணியளவில் அவர் மகாசமாதி அடைந்தார்.

திருமேனியைப் படகில் பேலூர் மடத்திற்குக் கொண்டுசென்று கங்கைக் கரையில் எரியூட்டினர். அவ்விடத்தில் எழுப்பப்பட்ட சிறு ஆலயம் 1921 டிசம்பர் 21ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் வாயில் கங்கையை நோக்கியது. ஆற்றின் எதிர்க்கரையில், சற்று வடக்கே, தட்சிணேசுவரமும் அந்த நகபத்து மாடமும் இருக்கின்றன.